முருங்கை அழைத்த மழை

மழை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மனித குலம் நெடுங்காலமாகத் தப்பான விடையையே சொல்லிவந்தது. கடல் என்றார்கள். மேகம் என்றார்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று வாயில் நுழையாத ஒன்றைக்கூடச் சொல்லிப் பார்த்தார்கள். இந்த அறியாமை இருளை ஒரே வாக்கியத்தில் விரட்டியடித்த பெருமை, ஆனி மாதத்து முற்பகல் ஒன்றில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் உரையாற்றிய பருவநிலை நல்லிணக்கத் துறை அமைச்சரையே சாரும். உலகம் இதை இன்னும் முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை. உலகத்துக்கு நம்மைக் கண்டால் எப்போதுமே கொஞ்சம் பொறாமை.

சந்தைக்குப் புதிதாகப் போட்ட கூரையைத் திறந்துவைக்க அமைச்சர் வந்திருந்தார். கேரளத்துக்குப் போகவேண்டிய லாரிகளையெல்லாம் பாதுகாப்புக் காரணங்களுக்காக வாசலிலேயே நிறுத்திவிட்டதால், கூட்டத்தோடு கூட்டமாகத் தக்காளியும் உரையைக் கேட்டுக்கொண்டிருந்தது. உதவியாளர் எழுதிக் கொடுத்திருந்த தாளில், "முருங்கையை வளர்த்தால் வருமானம் மழையாகப் பொழியும்" என்று ஒரு வரி. அந்த வரிக்கு வரும்போது பார்த்து வேர்வை அமைச்சரின் கண்ணில் இறங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு படித்தார். துடைத்ததில் நடுவே இருந்த வருமானம் காணாமல் போயிருந்தது.

"முருங்கையை வளர்த்தால் மழை பொழியும்!"

கூட்டம் கைதட்டியது. கைதட்டினால் விழா சீக்கிரம் முடியும் என்பது வியாபாரிகளின் அனுபவம்.

மாலைக்குள் அந்த வரி செல்போன் செல்போனாகப் பறந்தது. அமைச்சர் முருங்கைக்காயைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு நிற்பதாக எதிர்க்கட்சிக்காரர்கள் படம் போட்டார்கள். சாதாரண அரசாக இருந்திருந்தால், ஏதோ வாய் தவறிவிட்டது என்று சொல்லி நழுவியிருக்கும். இதுவோ அறிவியல் மனப்பான்மை கொண்ட அரசு. மறுநாள் காலையிலேயே செய்திக்குறிப்பு வெளிவந்தது: "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் வாய் தவறும் வழக்கம் இல்லாதவர். அவர் கூறிய உண்மையை உறுதிசெய்ய உயர்மட்ட வல்லுநர் குழு அமைக்கப்படுகிறது."

வல்லுநர் குழு என்று பெயர் இருப்பதால் அதில் ஒரு வல்லுநரும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாரோ பெருந்தன்மையாகச் சொல்லியிருக்க வேண்டும். அப்படித்தான் டாக்டர் சத்யபிரியா உள்ளே வந்தாள்.

சத்யபிரியா சேவுகம்பட்டிக்காரி. பூ விவசாயம் செய்யும் வீட்டில் பிறந்தவள். மழையைப் பற்றிப் படித்து, மழையைப் பற்றி ஆராய்ந்து, மழைக்காகவே டாக்டர் பட்டம் வாங்கி, மழை எட்டிப் பார்க்கத் தயங்கும் ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையோரத்தில், அமைச்சரின் துறைக்குக் கீழே இயங்கிய வானிலை ஆய்வு நிலையம் அது. நிலையத்தின் ஒரே விஞ்ஞானி அவள். ஒரே கருவி, முற்றத்தில் நின்ற பழைய மழைமானி. இரண்டு ஆண்டுகளாக அதில் முட்டைதான். மைனா இட்டது.

புதிய தானியங்கிக் கருவி வேண்டும் என்று அவள் எழுதாத மேலிடம் இல்லை. பெய்கிற மழையைத் துளித்துளியாக எண்ணிச் சொல்லும் கருவி. அது வந்து கணக்குச் சேர்ந்துவிட்டால், இன்ன கிழமை மழை, இன்ன கிழமை விதைக்கலாம் என்று சமவெளி விவசாயிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அவள் கனவு. கனவுகள் உரிய வழியாக அனுப்பப்பட வேண்டும் என்று மேலிடம் பதில் எழுதும்.

அந்த உரிய வழியின் பெயர் முத்துக்கிருஷ்ணன். நிலையத்தின் இயக்குநர். அறிவியலைத் தமிழ் இலக்கணத்தின் ஓர் உட்பிரிவாகக் கருதியவர். இயற்கையில் உண்மை, பொய் என்று எதுவும் கிடையாது, எழுவாயை எங்கே வைக்கிறோம், பயனிலையை எங்கே வைக்கிறோம் என்பதுதான் எல்லாம் என்பது அவருடைய கோட்பாடு. இந்தக் கோட்பாட்டைக் கொண்டே அவர் மூன்று ஆட்சிகளைத் தாண்டி வந்திருந்தார்.

"சத்யபிரியா, உங்களைக் குழுவுக்கு உறுப்பினர் செயலராப் போட்டிருக்காங்க. வாழ்த்துகள்" என்று அரசாணையை நீட்டினார்.

அவள் வாசித்தாள். முருங்கை மழையை எவ்வாறு வரவழைக்கிறது என்பதைக் குழு ஆராய வேண்டும் என்று இருந்தது.

"சார், வரவழைக்குதா இல்லையான்னு தான கேக்கணும்? எடுத்த எடுப்புல எவ்வாறுன்னு கேட்டா எப்படி?"

"வரவழைக்குதான்ற கேள்விக்கு அமைச்சரே பதில் சொல்லிட்டாரும்மா. பதில் தெரிஞ்ச கேள்விய மறுபடி ஆராயுறது பொதுப்பணத்த வீணடிக்கிறது. தணிக்கையில பிடிச்சிருவாங்க."

திண்டுக்கல்லில் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் குழு கூடியது. மழையைப் பற்றிய கூட்டம் என்பதால் எல்லாருக்கும் வேட்டி, துண்டு, குடை வழங்கப்பட்டன. சத்யபிரியாவைத் தவிர மூன்று பேர். கட்சியின் விவசாய அணிச் செயலாளர். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். ஒட்டன்சத்திரம் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்து முருங்கைக் கன்று விற்கும் முதலாளி ஒருவர். முருங்கை விஷயத்தில் எந்தப் பக்கமும் சாயாதவர் என்று அரசாணையே அவரை அறிமுகப்படுத்தியிருந்தது.

பேராசிரியர்தான் முதலில் எழுந்தார்.

"முருங்கை என்ற சொல்லை உற்று நோக்குங்கள். முகில் என்றால் மேகம். முகிலை அழைக்கும் அருமையான கை. முகில் அருங்கை! காலப்போக்கில் மக்கள் நாவில் தேய்ந்து, முருங்கை. நம் முன்னோர் வானிலை ஆராய்ச்சி முழுவதையும் ஒரு காய்க்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்."

விவசாய அணிச் செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இலவசத் துண்டு உடனே பயன்பட்டது.

"அப்ப சுரைக்காய்க்கு என்ன அர்த்தம் சார்?" என்று சத்யபிரியா கேட்டாள்.

"அது வெள்ளத் தடுப்பு. அதற்குத் தனிக் குழு வேண்டும்" என்றார் பேராசிரியர் தயங்காமல்.

அடுத்து நாற்றுப்பண்ணை முதலாளி நேரடிச் சாட்சியம் அளித்தார். "நம்ம பண்ணை பூரா முருங்கக் கன்னுதானுங்க. போன ஐப்பசியில கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சுங்க. இதுக்கு மேல என்னங்க ஆதாரம்?"

"ஐப்பசியில எல்லா ஊர்லயும்தான பேஞ்சுச்சு?"

"நம்மகிட்ட வந்த மேகந்தானுங்கம்மா. வார வழியில அங்கங்க நின்னு பேஞ்சுட்டு வந்துச்சுங்க. பஸ்ஸு நிக்கறதில்லீங்களா, அதாட்டந்தான்."

எதிர்வாதம் எதுவும் வராததால் இந்தக் கருத்து குறிப்பேட்டில் ஏறியது. சத்யபிரியா எதிர்வாதம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் குறிப்பு எழுதியவர் அப்போது சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று எண்ணப் போயிருந்தார். முருங்கைக்காய் வெஞ்சனத்தோடு கூட்டம் நிறைவுற்றது.

உறுப்பினர் செயலர் என்ற முறையில் அறிக்கை எழுதும் வேலை அவளுடையது. பழைய மழைக் கணக்குகளையும் முருங்கை பயிரான பரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். மழை அதிகம் பெய்த ஆண்டில் முருங்கை பூவுதிர்ந்து காய்ப்புக் குறைந்திருந்தது. முருங்கைக்குத்தான் மழை ஆகாதே தவிர, மழைக்கு முருங்கை இருப்பதே தெரியாது. ஆகவே நேர்மையாக எழுதினாள்: "முருங்கைக்கும் மழைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை."

முத்துக்கிருஷ்ணன் அதை வாசித்தார். பாராட்டினார். பிறகு பேனாவை எடுத்து ஒரே ஒரு சொல்லைத் திருத்தினார். 'உண்டு' இருந்த இடத்தில் 'இல்லை' வந்து உட்கார்ந்தது.

"முருங்கைக்கும் மழைக்கும் தொடர்பு இல்லை என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை."

"சார், இது தலைகீழா இருக்கே!"

"எங்கம்மா தலைகீழ்? தொடர்பு உண்டுன்னும் உங்களுக்குச் சான்று கிடைக்கல. இல்லன்னும் கிடைக்கல. கிடைக்காத ரெண்டு சான்றுல ஒண்ண எழுதியிருக்கேன். எதை எழுதுறதுங்குறது நிர்வாக முடிவு. அறிவியல் அதுல தலையிடக் கூடாது."

"நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்."

"போட வேணாம்" என்றார் அவர் சாந்தமாக. "ஆமா, அந்தத் தானியங்கிக் கருவி கேட்டிருந்தீங்கள்ல? அமைச்சர் மேசைக்குப் போயிருச்சாம். இந்த அறிக்கைக்கு நேர் கீழதான் இருக்காம். மேல இருக்குறது எடுத்தாத்தான கீழ இருக்குறது தெரியும்?"

சத்யபிரியா சன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தாள். மழைமானியிலிருந்து மைனா அவளைப் பார்த்தது. கருவி வந்தால் உண்மை வரும். அப்புறம் இந்த ஒரு வாக்கியத்தை யார் சீந்தப் போகிறார்கள்? உண்மையைக் கொண்டுவருவதற்காக ஒரு பொய்யை முன்பணமாகக் கொடுப்பது உலகத்து விஞ்ஞானிகள் யாரும் செய்யாததா? இப்படியெல்லாம் அவள் எண்ணினாள். எண்ணி முடிக்கும்போது கையெழுத்து விழுந்திருந்தது. மனச்சாட்சிக்காக அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தாள்: "மேலும் ஆய்வு தேவை." அச்சில் அந்த எழுத்தைப் பார்க்கவே ஓர் ஆய்வு தேவைப்பட்டது.

அறிக்கை போன வேகத்தில் 'முகில் அழைப்புத் திட்டம்' பிறந்தது. முருங்கை நடும் நிலத்துக்குக் கன்று இலவசம், சொட்டுநீர்க் குழாய் இலவசம். கன்று எந்தப் பண்ணையில் வாங்கப்பட்டது என்று கேட்பது நாகரிகமல்ல. ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டினார்கள். நோட்டீஸின் மேலே அமைச்சர் கும்பிட்டார். கீழே சத்யபிரியாவின் படம், 'விஞ்ஞானி சொல்கிறார்' என்ற வாசகம், அவளுடைய கையெழுத்து.

ஒரு நாள் காலை அவளுக்கு நாகஜோதி போன் செய்தாள். சேவுகம்பட்டியில் இருக்கும் அண்ணன் சோலைமுத்துவின் மனைவி.

"சத்யா, ஒங்கண்ணன் மல்லியப் புடுங்க ஆளு கூட்டியாந்துருக்காரு. கேட்டா எந்தங்கச்சி சொல்லிருச்சுன்றாரு. நீயா சொன்ன?"

சத்யபிரியா போட்டது போட்டபடி கிளம்பினாள். கிடைத்த பஸ்ஸில் ஏறி வத்தலக்குண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளைப் படிக்க வைத்ததே அந்த மல்லித் தோட்டம்தான். அதில் ஒரு பாதி ஏற்கெனவே மண் பிளந்து கிடந்தது. வேரோடு பிடுங்கிய செடிகளைக் குவியலாகப் போட்டிருந்தார்கள். அரும்புகள் இன்னும் வாடவில்லை. சோலைமுத்து வரப்பில் நின்று, இலவசமாக வந்த கன்றுகளைத் தண்ணீர் தெளித்துக் குளிர வைத்துக்கொண்டிருந்தான்.

"வா பாப்பா! ஒன்னயத்தான் நெனச்சேன். ஊருக்கே நீ சொல்ற, நம்ம தோட்டத்துல நடாட்டி நல்லாருக்குமா? நாலு பேரு என்ன கேப்பாக?"

"அண்ணே, நிறுத்துங்கண்ணே! முருங்கைக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

சோலைமுத்து தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான். தங்கையை ஏற இறங்கப் பார்த்தான்.

"இத நீ டாக்டராச் சொல்றியா, தங்கச்சியாச் சொல்றியா?"

"தங்கச்சியாத்தான் சொல்றேன்."

"டாக்டரு வேற மாதிரி சொல்லிருக்கே. கையெழுத்தே போட்டுருக்கு" என்று நோட்டீஸைக் காட்டினான். அதை மடிப்புக் கலையாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். "அம்புட்டுப் படிச்ச டாக்டரு சொல்றதக் கேக்குறதா, எந்தங்கச்சி சொல்றதக் கேக்குறதா? நீ சின்ன வயசுலருந்தே இப்புடித்தான். எதுக்கும் பயந்துக்குவ."

"அண்ணே, நெசமாத்தான் சொல்றேன். அது ஆபீசுல மாத்தி எழுதிட்டாங்க."

"கவர்மெண்டு ஆபீசுல தப்பா எழுதுவாகளா? போ பாப்பா, போய் மதினிகிட்ட காப்பி வாங்கிக் குடி."

ஆனால் மதினி காப்பி போடும் நிலையில் இல்லை. மீதிப் பாதி மல்லிக்கு நடுவில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் களைக்கொத்தியோடு நின்றிருந்தாள்.

"இந்தப் பக்கம் எவனாச்சும் கால வச்சான், அவனத்தான் நடுவேன்! மழ வரட்டும், வராமப் போகட்டும். தை முகூர்த்தத்துக்கு எனக்குப் பூ வேணும்."

ஆட்கள் சோலைமுத்துவைப் பார்த்தார்கள். சோலைமுத்து வானத்தைப் பார்த்தான். கடைசியில் பாதித் தோட்டம் முருங்கை, பாதித் தோட்டம் மல்லி என்று முடிவாயிற்று. உலகின் சிறந்த ஆராய்ச்சியாளர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு அமைக்கும் ஒப்பீட்டுச் சோதனை ஒன்று, ஒரு குடும்பச் சண்டையால் கச்சிதமாக அமைந்தது. சத்யபிரியா மட்டும் பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க அழுதாள். பக்கத்து இருக்கைப் பெண், "வயித்து வலியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள்.

ஐப்பசி வந்தது. ஐப்பசியில் வழக்கமாக வருகிற மழை வந்தது. அமைச்சர் நனைந்த வேட்டியோடு நின்று பேட்டி கொடுத்தார். "பாத்தீங்களா? வெச்சம். வந்திருச்சு!"

புதிய தானியங்கிக் கருவியும் அந்த மாதமே வந்துசேர்ந்தது. அரசு சொன்ன சொல் தவறவில்லை. முற்றத்தில் நிறுத்தி, திறப்புவிழாவுக்காக மேலே கட்சிக்கொடி நிறத்தில் கனமான தார்ப்பாய் போட்டுச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அமைச்சருக்குத் தேதி கிடைக்கவில்லை. ஐப்பசி முழுக்க, கார்த்திகை முழுக்க, வானம் கிழிந்துகொண்டு கொட்டியது. கருவி தார்ப்பாய்க்குள் நனையாமல் நின்று, துளியும் பிசகாமல் பதிவு செய்தது: மழை இல்லை.

"சார், தார்ப்பாய செத்த நேரம் விலக்கிக்கிறேன் சார். யாருக்கும் தெரியாது" என்று கெஞ்சினாள் சத்யபிரியா.

"திறந்துவைக்காத கருவி அளக்குற மழை அங்கீகாரம் இல்லாத மழைம்மா" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

அங்கீகாரம் இல்லாத மழை ஒட்டன்சத்திரம் சந்தைக்குள் புகுந்தது. அமைச்சர் திறந்துவைத்த கூரை மழையைத் தடுக்காமல் வடிகட்டி அனுப்பியது. வெங்காய மூட்டைகள் அழுகின. தக்காளி மிதந்து பழனி சாலைக்கே போயிற்று. வயல்களில் தண்ணீர் வடிய வழியில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று முழங்கினார்கள்: "மழையை அழைத்த அமைச்சரே, வெள்ளத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகு!"

வருகிற மழைக்கெல்லாம் உரிமை கொண்டாடினால், வரக்கூடாத மழையும் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதை அமைச்சர் யோசித்திருக்கவில்லை. அவசரக் கூட்டம் போட்டார். முத்துக்கிருஷ்ணனும் சத்யபிரியாவும் அழைக்கப்பட்டார்கள்.

அவள் மனத்துக்குள் ஓர் ஓரத்தில் குதூகலம்கூட இருந்தது. உண்மைக்கு இப்போது வேலை வந்துவிட்டது. அமைச்சரைக் காப்பாற்றக்கூடியது உலகத்தில் அது ஒன்றுதான்.

"அய்யா, முருங்கைக்கும் மழைக்கும் தொடர்பே இல்லைங்க. அதனால வெள்ளத்துக்கும் நீங்க பொறுப்பில்லை. நான் எழுதியே கொண்டுவந்திருக்கேன்."

அமைச்சர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, சம்பந்தம் இருக்குதுன்னா வெள்ளம் எந்தலைமேல. சம்பந்தம் இல்லீன்னா நான் சொன்னது பொய். ரெண்டுக்கும் நடுவால ஏதாச்சும் அறிவியல் இருக்குதுங்களா?"

"நடுவுல ஒண்ணும் இல்லைங்கய்யா" என்றாள் சத்யபிரியா.

"இருக்குதுங்கய்யா" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆட்சிகள் அவரைக் கைவிடாததன் ரகசியம் அந்த நிமிடத்தில் விளங்கியது.

"முருங்கை, அளவோட நட்டா மழை. அளவுக்கு மீறி நட்டா வெள்ளம். திட்டம் சரிங்க. மக்கள்தான் ஆர்வக்கோளாறுல கூடுதலா நட்டுட்டாங்க."

அறையில் காற்றோட்டமே மாறியது. அமைச்சரின் முகம், மழைவிட்ட வானம்போல் தெளிந்தது.

"அப்படின்னா கூடுதலா இருக்கறத வெட்டிப்போட்டா மழ நின்னுருமுங்களா?"

"மார்கழிக்குள்ள நின்னுருங்கய்யா" என்றார் முத்துக்கிருஷ்ணன், மிகுந்த அறிவியல் துல்லியத்தோடு.

வெளியே வந்ததும் சத்யபிரியா கையிலிருந்த தாளை அவரிடமே நீட்டினாள். "இதுதான் சார் உண்மை. இத என்ன பண்றது?"

அவர் அதை மரியாதையாக வாங்கி ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். "அருமையா எழுதியிருக்கீங்கம்மா. பத்திரமா வச்சிருப்போம். ஆட்சி மாறுனா தேவைப்படும்."

அந்த வாரமே இரண்டாவது நோட்டீஸ் ஒட்டப்பட்டது. 'முகில் கட்டுப்பாட்டுத் திட்டம்.' நட்ட முருங்கையை வெட்டுபவர்களுக்கு அரிவாள் இலவசம். இந்தத் தடவை சத்யபிரியாவிடம் யாரும் கையெழுத்துக் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. பழைய கையெழுத்தும் பழைய படமும் அச்சகத்தில் தயாராகவே இருந்தன. அவள் மறுப்புக் கடிதம் எழுதலாமா என்று நினைத்தாள். எழுதினால் யாருக்கு அனுப்புவது? உரிய வழியாகத்தான் அனுப்ப வேண்டும். உரிய வழி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். அண்ணன் வைத்த முருங்கை இடுப்புயரம் வளர்ந்து, சில செடிகளில் பூக்கூட எட்டிப் பார்த்திருந்தது. சோலைமுத்து இலவச அரிவாளால் ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நெற்றி ஈரத்தைப் புறங்கையால் வழித்தான்.

"என்ன பாப்பா, கண்ணு செவந்துருக்கு? ஒறங்கலயா? வேல சாஸ்தியோ?"

"அண்ணே, ஒங்க தோட்டத்தையே கெடுத்துட்டேன்."

"நீ என்ன பண்ணுவ? ஒனக்கு மேல இருக்கவுக சொல்றத நீ சொல்ற. நீ சொல்றத நான் செய்யிறேன்." அவன் அடுத்த செடியைப் பிடித்தான். "ரெண்டு நோட்டீஸையும் வீட்டுச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கேன். படம் நல்லா விழுந்துருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வரப்பில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மல்லிப் பாத்திக்குள்ளிருந்து நாகஜோதி எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமும் அதே மழதான் பேஞ்சுச்சு சத்யா. அதையும் எழுதிக்க" என்றாள்.

மார்கழியில் மழை நின்றது. வருடா வருடம் நிற்பதுபோலவே நின்றது. ஆனால் இந்த வருடம் அது அறிவியல்பூர்வமாக நின்றது. நட்டபோது வந்து, வெட்டியபோது போன மழையை விட ஒரு கொள்கைக்கு வேறென்ன நிரூபணம் வேண்டும்? ஒரே கோட்பாட்டை ஒரே பருவத்தில் இரண்டு பக்கமும் மெய்ப்பித்த அரசு உலகிலேயே இது ஒன்றுதான். எதிர்க்கட்சியும் விழித்துக்கொண்டு, தங்கள் ஆட்சி வந்தால் புளியமரத்தைக் கொண்டு இதைவிட நல்ல மழையை வரவழைப்போம் என்று அறிவித்தது. இப்படியாக நாட்டின் அரசியல் முழுவதும் அறிவியலின் பாதைக்குத் திரும்பியது.

தை மாதம் வத்தலக்குண்டில் பாராட்டு விழா. மேடையில் அமைச்சர் நடுவே. பேராசிரியர், நாற்றுப்பண்ணை முதலாளி, முத்துக்கிருஷ்ணன் ஆகியோர் இரண்டு பக்கமும். மாவட்டத்தின் தலைசிறந்த விஞ்ஞானி விருது டாக்டர் சத்யபிரியாவுக்கு. பித்தளையில் வார்த்த ஆளுயர முருங்கைக்காய் அது. இரண்டு பேர் தூக்கி வந்து அவள் கையில் கொடுத்தார்கள். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால்தான் நின்றது.

அமைச்சர் நெகிழ்ந்து பேசினார். "அறிவியலக் கேக்காம இந்த அரசு ஒரு அடி எடுத்து வெச்சதில்லீங்க. நட்டதும் அறிவியலக் கேட்டுத்தான். வெட்டுனதும் அறிவியலக் கேட்டுத்தான்!"

கைதட்டல் அடங்கியபோது கூட்டத்தின் நடுவே ஒருவன் எழுந்தான். சோலைமுத்து. தங்கை விருது வாங்குவதைப் பார்க்க வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தான். பக்கத்தில் நாகஜோதி, அன்று சந்தையில் எட்டாத விலைக்குப் போன மல்லியைத் தலை நிறைய வைத்திருந்தாள். அவன் குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"அய்யா, ஒரே ஒரு சந்தேகம். பாதித் தோட்டம் சும்மா கெடக்கு, அடுத்து என்னமாச்சும் வைக்கணும். அதுக்குத்தான் கேக்குறேன். கவர்மெண்டு அறிவியலக் கேட்டுச்சு. சரி. அது என்ன சொல்லுச்சு?"

அமைச்சர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "நல்ல கேள்விங்க! அத டாக்டரம்மாவே சொல்லட்டுமுங்க" என்று மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

அண்ணன் அவளை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தான். மைக் மிகவும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அதை வாங்க வேண்டுமானால் விருதைக் கீழே வைக்க வேண்டும்.

அவள் வைக்கவில்லை.